பள்ளிக்கரணையின் நீர்க்கணக்கு

சென்னையின் தெற்குப் பகுதியில், வேளச்சேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையே கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், 1960களில் 5,000 ஹெக்டேருக்கும் கூடுதலாகப் பரந்திருந்ததாக மதிப்பிடப்படுகிறது. இன்று அதில் சதுப்பாகவே எஞ்சியிருப்பது 600 முதல் 700 ஹெக்டேர் வரைதான். மறைந்த பரப்பின்மீது குடியிருப்புகளும் மென்பொருள் வளாகங்களும் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் பறக்கும் ரயில் பாதையும் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும் எழுந்துவிட்டன. இந்த மாற்றம் குறித்த பேச்சு பெரும்பாலும் பறவைகளுக்கும் வீடுகளுக்கும் இடையிலான வழக்காகவே நடந்துவருகிறது. சதுப்பு சுருங்கியதன் விலையை ஒவ்வொரு மழைக்காலத்திலும் முதலில் செலுத்துவோர் அதன் ஓரத்தில் கடன் வாங்கி வீடு கட்டியவர்களே என்பதால், அந்த வழக்கில் எதிரெதிரே நிறுத்தப்படும் இரு தரப்பும் உண்மையில் ஒரே தரப்பு. வீடு கட்டுதல், சதுப்பு மீட்பு, மழைநீர் மேலாண்மை ஆகிய மூன்றையும் மூன்று துறைகள் தனித்தனிக் கோப்புகளாகக் கையாள்கின்றன. இயற்கையில் அவை ஒரே கணக்கைச் சேர்ந்தவை. மழை நாளில் எவ்வளவு நீர் வந்து சேர்கிறது, அது தங்குவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு விரைவாக வெளியேற முடிகிறது என்பவையே அந்தக் கணக்கின் உறுப்புகள்.

பள்ளிக்கரணைக்கு நீர் வந்துசேரும் பரப்பு, அதாவது அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி, ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர். மேற்கிலும் தெற்கிலும் உள்ள சற்றே உயர்ந்த நிலங்களில் பெய்யும் மழை ஒரே பாய்ச்சலில் சதுப்பை அடைவதில்லை. அதை வழிநெடுகத் தடுத்து நிறுத்துவதற்கென்றே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்கள் ஏரிகளைத் தொடராக அமைத்திருந்தன. ஓர் ஏரி நிரம்பியதும் அதன் கலங்கல் வழியாக, அதாவது உபரிநீர் வழிவதற்கென அளவு குறித்துக் கட்டப்பட்ட தாழ்வான கற்சுவரின் வழியாக, நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஆகிய ஏரிகளின் நீர்வழி இறுதியில் பள்ளிக்கரணையில்தான் முடிகிறது. ஊர்களின் உபரிநீர் அனைத்தும் வந்து சேரும் இந்தத் தாழ்நிலத்தை மக்கள் கழுவெளி என்று அழைத்தனர். ஆழமற்றதாகவும் தாம்பாளம்போல் அகன்றதாகவும் இருந்த அந்த நிலம், வெள்ளத்தை உயரவிடாமல் பக்கவாட்டில் பரப்பி, கோரையும் நாணலும் நிறைந்த பரப்பின் ஊடே மெல்ல நகர்த்தி, ஒக்கியம் மடுவு என்ற ஒரே பெரிய வாய்க்கால் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குக் கொடுத்தது. அங்கிருந்து நீர் தெற்கே சென்று கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது.

இந்த வெளியேற்றம் எப்போதும் மெதுவாகவே நடக்கக்கூடியது என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். கடல் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது என்றாலும், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடும் மணல்மேடு இடையில் நிற்பதால் நீர் நேராகக் கடலுக்குப் போக முடிவதில்லை. கால்வாய் வழியே தெற்கே சுற்றிப்போகும் பாதையில் நிலத்தின் சாய்வு மிகக் குறைவு. புயல் நாட்களில் கடல்மட்டம் உயர்ந்து முகத்துவாரத்தில் நீர் எதிர்த்து நிற்கும்போது, கால்வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதன் வேகம் குறைந்தே தீரும். எனவே இப்படிப்பட்ட நிலத்தில் வெள்ளத்தின் அளவைத் தீர்மானிப்பது வெளியேற்றும் வேகத்தைவிட, வெளியேறும்வரை நீர் காத்திருப்பதற்கு இருக்கும் இடமே.

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்வதாகக் கொண்டால், விழும் நீரின் அளவு 2.5 கோடி கனமீட்டர். வயலும் மேய்ச்சல் நிலமும் ஏரியுமாக இருந்த காலத்தில் அதில் 30 விழுக்காடு மட்டும் வழிந்தோடி வந்ததாக எடுத்துக்கொண்டால், 75 லட்சம் கனமீட்டர் நீர் 5,000 ஹெக்டேரில் பரவும்போது நீர்மட்டம் 15 சென்டிமீட்டர் உயரும். முழங்காலுக்கும் எட்டாத உயரம். அதே பகுதி கூரையும் தாரும் சிமெண்டுமாக மாறியபின் 80 விழுக்காடு வழிந்தோடுவதாகக் கொண்டால், 2 கோடி கனமீட்டர் நீர் 600 ஹெக்டேர் பரப்பில் அடங்க வேண்டும். அது அடங்குமானால் மூன்று மீட்டருக்கும் மேல் உயர்ந்தாக வேண்டும். விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட விழுக்காடுகள்தான் இவை. நீர் வந்துசேர்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு பகுதி வெளியேறியும் விடும். ஆயினும் இரு விடைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரியது, அது தெருக்களிலும் தரைத்தள வீடுகளிலும்தான் வந்து நிரம்புகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மழை ஓய்ந்தபிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நாட்கணக்கில் நீர் வடியாமல் படகுகளில் மக்களை மீட்க வேண்டியிருந்தது. மழை ஓய்ந்தும் நீர் நிற்பது, கொள்ளளவு இழந்த தாழ்நிலத்தின் தனி அடையாளம்.

இந்த இழப்பு ஒரே நாளில் நேரவில்லை, சட்டத்தை மீறியவர்களால் மட்டும் நேரவும் இல்லை. வருவாய்ப் பதிவேடுகளில் சதுப்பின் பெரும்பகுதி பயனற்ற புறம்போக்காகவே குறிக்கப்பட்டிருந்தமையால், நகரத்திற்கு எது தேவைப்பட்டாலும் அதற்கான காலி இடமாக அது கருதப்பட்டது. 1980களில் பெருங்குடியில் குப்பை கொட்டும் வேலை தொடங்கியது. பின்னர் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் வந்தன. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் இருநூறடிச் சாலை, கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளையும் சதுப்பையும் ஊடறுத்துச் சென்றது. பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்பப் பெருவழியாக வளர்ந்தபோது, அங்கு வேலை பார்ப்போருக்கான வீடுகள் இருபுறமும் பெருகின. ஒரு சாலை நீர்ப்பரப்பைக் கடக்கும்போது எடுத்துக்கொள்ளும் நிலம் சிறிதாகத் தோன்றும். அதன் மண்கரை நீரோட்டத்தைச் சில சிறுபாலங்களின் வழியே மட்டும் நெருக்கிவிடுவதால், ஒரு புறம் தேங்கலும் மறுபுறம் வறட்சியுமாகச் சதுப்பு இரண்டுபடுவதே அதனால் நேரும் பெரிய தீங்கு.

தனியார் கட்டுமானங்களைப் பொறுத்தவரை, சிக்கலின் வேர் அனுமதி வழங்கும் முறையிலேயே இருக்கிறது. தாழ்வான இடத்தில் குடியிருப்பு கட்ட விரும்புவோர், அந்த இடம் வெள்ளத்தில் மூழ்குமா என்பது குறித்து நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். துறைப் பொறியாளர்கள் அப்பகுதியின் உச்ச வெள்ளமட்டத்தைக் கணித்து, மனையை அதற்கு மேல் இன்ன உயரம்வரை மண்நிரப்பி உயர்த்த வேண்டும் என்றும், மனைக்குள்ளேயே வடிகால் அமைத்து அருகிலுள்ள வாய்க்காலுடன் இணைக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிப்பது வழக்கம். அந்த மனையை மட்டும் பார்த்தால் இது நியாயமான அறிவுரை. நீரின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை வேறு. ஓர் ஏக்கர் மனையை ஒன்றரை மீட்டர் உயர்த்தினால், வெள்ள நாளில் அங்கே தங்கியிருக்கக்கூடிய சுமார் 6,000 கனமீட்டர் நீர், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் 500 கொண்ட அளவு, பக்கத்து இடத்தைத் தேடிப் போகிறது. அடுத்த மனைக்காரர் சில ஆண்டுகள் கழித்து விண்ணப்பிக்கும்போது வெள்ளமட்டம் முன்பைவிட உயர்ந்திருக்கும். அவர் இன்னும் உயரமாக நிரப்ப நேரும். இவ்வாறு ஒவ்வொருவரும் விதியைச் சரியாகப் பின்பற்றியே ஊர் முழுவதும் மூழ்கும் நிலை உருவாகிறது. மேடாக்க வசதியில்லாத பழைய வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்த பள்ளங்களாகிவிடுவதை மடிப்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் எவரும் காணலாம்.

இதற்கு மாற்று, பல நாடுகளில் நடைமுறையில் உள்ள ஈடுகட்டும் கொள்ளளவு என்னும் விதி. வெள்ளம் பரவும் நிலத்தில் ஒருவர் எவ்வளவு கன அளவை நிரப்புகிறாரோ, அதே அளவு இடத்தை அதே வடிநிலத்தில், ஏறத்தாழ அதே மட்டத்தில் தோண்டி நீருக்கென ஒதுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மட்டம் பற்றிய நிபந்தனை இதில் உயிரானது. தாழ்நிலத்தை நிரப்பிவிட்டு மேட்டில் குளம் வெட்டினால் வெள்ள நாளில் அந்தக் குளத்திற்கு நீர் ஏறாது. தரைத்தளத்தைத் தூண்களின்மேல் உயர்த்தி, அடியில் வாகன நிறுத்தத்தை இயல்பு நிலமட்டத்திலேயே விட்டுவிடுவது, மண் நிரப்பாமல் வீட்டைக் காக்கும் மற்றொரு வழி. கீழே நிற்கும் வண்டிகளுக்கு ஆண்டில் ஓரிரு நாள் வேறிடம் தேட வேண்டியிருக்கும் என்பதை வீடு வாங்குவோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் பத்தில் ஒரு பங்கு நிலம் பொதுத் திறந்தவெளியாக ஒப்படைக்கப்படுகிறது. அந்தப் பூங்காவும் மனையோடு சேர்த்து மேடாக்கப்படுவதே இன்றைய வழக்கம். சுற்றுச் சாலையைவிட ஒரு மீட்டர் தாழ்வாக அதை வைக்க வேண்டும் என்ற ஒரு வரி விதியில் சேர்ந்தால், கூடுதல் நிலம் ஏதும் எடுக்காமலே புதிய குடியிருப்பு ஒவ்வொன்றும் தனக்கான வெள்ளக்கிடங்கைப் பெற்றுவிடும்.

மழைநீர் வடிகால்களைக் குறித்தும் ஒரு தெளிவு தேவை. வெள்ளம் வரும் ஒவ்வோர் ஆண்டும் மக்கள் கேட்பதும் அரசு கொடுப்பதும் வடிகால்தான். சாலையோரம் கட்டப்படும் சிமெண்டு வடிகால் ஒரு தெருவின் நீரை விரைவாக அகற்றுகிறது என்பது உண்மை. அகற்றிய நீரை அது அழிப்பதில்லை, தாழ்ந்த இடத்திற்கு விரைவுபடுத்துகிறது என்பதும் அதே அளவு உண்மை. முன்பு ஏரிகளிலும் வயல்களிலும் தங்கித் தங்கி இரண்டு மூன்று நாட்களில் வந்து சேர்ந்த நீர், வடிகால்கள் பெருகியபின் சில மணி நேரங்களில் ஒருசேர வந்துவிடுகிறது. ஒரு வாய்க்காலில் குறிப்பிட்ட நேரத்தில் பாயும் நீரின் அளவு எட்டும் மிக உயர்ந்த நிலையைப் பொறியாளர்கள் உச்சப்பெருக்கு என்பர்; மொத்த மழை மாறாமலே உச்சப்பெருக்கு பன்மடங்காகலாம், ஒக்கியம் மடுவு தாங்க வேண்டியது அந்த உச்சத்தைத்தான். கடற்கரையோர மணற்பகுதிகளில் வடிகால் அமைக்கும் திட்டத்தை அங்குள்ள குடியிருப்போரே எதிர்த்ததற்கும் காரணம் இருந்தது: மணல் தானே குடித்துக்கொள்ளும் மழையை வடிகால் கடலுக்குக் கொண்டுபோய்விடும், நிலத்தடி நன்னீர் குறையும், கடல்நீர் உட்புகும்.

மண்ணின் தன்மையைப் பார்க்காத எந்தத் திட்டமும் இங்கு பொய்த்துப்போகும். கிழக்கே மணல்மேட்டில் வெற்றிபெறும் நீர்ஊறல் கிணறு, சதுப்பையொட்டிய களிமண்ணில் அவ்வாறு பயன்படுவதில்லை. களி நீரை மிக மெதுவாகவே உள்ளே விடுகிறது, நவம்பர் பிறந்ததும் நிலத்தடி நீர்மட்டம் தரையை நெருங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது பெரும் நன்மை செய்த முடிவு. களிமண் பகுதிகளில் அதைக் குழி வெட்டிக் கூழாங்கல் நிரப்புவதோடு முடித்துக்கொள்ளாமல், கூரைநீரைத் தொட்டியில் தேக்கிப் பயன்படுத்தும் முறையாக மாற்ற வேண்டும். 2015இல் மூழ்கிய இதே வட்டாரம் 2019 கோடையில் லாரித் தண்ணீரை நம்பி நாட்களைக் கடத்தியது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேற்பட்டது வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களிலேயே கொட்டிவிடும் நிலத்தில், வெள்ளமும் வறட்சியும் ஒரே குறையின் இரு பருவங்கள். தேக்கும் இடம் குறையக் குறைய இரண்டும் சேர்ந்தே கடுமையாகின்றன.

சதுப்பை மீட்பது என்றவுடன் பலரும் எண்ணுவது பொக்லைன் கொண்டு ஆழப்படுத்துவதை. பள்ளிக்கரணை போன்ற தாழ்நிலத்தில் இது பெரும்பாலும் வீண்செலவு. ஒரு நீர்நிலையின் வெளியேறும் வாயிலின் மட்டத்திற்குக் கீழே உள்ள நீர் தானாக வெளியேறாது. ஆழப்படுத்திய குழி பருவமழையின் தொடக்கத்திலேயே நிரம்பிவிடுவதால், நவம்பர் இறுதியில் வரும் பெருவெள்ளத்திற்கு அது ஓர் அங்குலம் இடமும் தராது. வெள்ளத்திற்குப் பயன்படும் கொள்ளளவு, வாயில்மட்டத்திற்கு மேலே, வெள்ளமட்டத்திற்குக் கீழே உள்ள அகன்ற பரப்பில்தான் இருக்கிறது. எனவே ஆழத்தைவிட அகலமே இங்கு மதிப்புடையது: குப்பையை அகற்றி மீட்கும் ஒவ்வொரு ஹெக்டேரும் ஆழப்படுத்திய பல ஹெக்டேருக்குச் சமம். பெருங்குடிக் கிடங்கில் பல பத்தாண்டுக் குப்பையைத் தோண்டிச் சலித்து, மண், நெகிழி, கல் எனப் பிரித்து அப்புறப்படுத்தும் பயோமைனிங் பணி அந்த வகையில் மிக முதன்மையானது. அவ்வாறு விடுபட்ட நிலம் வேறு எந்தத் திட்டத்திற்கும் மாற்றப்படாமல் மீண்டும் சதுப்பாகவே விடப்பட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

ஆழம் பெருகினால் வேறொரு கேடும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் பள்ளிக்கரணைக்கு வருவதற்குக் காரணம், அதன் ஆழம் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறுவதே. பூநாரையும் உள்ளான்களும் கணுக்கால் அளவு நீரில் மேய்பவை. நீலத் தாழைக்கோழி கோரைப் புதர்களுக்குள் கூடு கட்டுகிறது. கூழைக்கடாவுக்குத் திறந்த நீர் வேண்டும். கோடையில் ஒரு பகுதி காய்ந்து வெடிப்பதும் இந்த ஒழுங்கின் பகுதியே. ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நீர் நிற்கிறது என்றால், அந்த நீர் மழைநீராக இருப்பதைவிடக் கழிவுநீராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் கழிவு மழைநீர் வடிகாலில் விடப்படுகிறது. வடிகால் அதைச் சதுப்பில் சேர்க்கிறது. ஆகாயத்தாமரை அதை உண்டு பெருகி மடுவின் வாயை அடைக்கிறது. அடைப்பு வெள்ளத்தை உயர்த்துகிறது. ஒரு குடியிருப்பின் கழிவுநீர் இணைப்பு வெள்ளத் தடுப்புப் பணியும் ஆகும் என்பது இந்தத் தொடரைப் பின்பற்றிச் சென்றால் விளங்கும்.

சட்டப் பாதுகாப்பு மெல்ல மெல்லவே வந்தது. ஜெயஸ்ரீ வெங்கடேசனின் கேர் எர்த் அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் ஆய்வுகளும், வட்டாரக் குடியிருப்போரின் இடைவிடாத முறையீடுகளும் அதற்கு வழிவகுத்தன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, 2022இல் 1,247.54 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தலமாக, அதாவது ஈரநிலங்களுக்கான உலக உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் உடையதாக, பட்டியலில் இடம்பெற்றது. வெங்கடேசன் 2025இல் ஈரநிலங்களின் அறிவார்ந்த பயன்பாட்டிற்கான ராம்சர் விருதையும் பெற்றார். இந்தியாவின் ஈரநில விதிகள், 2017, ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதையும், கடந்த பத்தாண்டுகளில் காணப்பட்ட சராசரி உச்ச வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டடம் எழுப்புவதையும் தடுக்கின்றன. ஆனால் அதே விதிகள், பாசனத்திற்கும் குடிநீருக்கும் மனிதர் கட்டிய நீர்நிலைகளைத் தம் எல்லையிலிருந்து விலக்கிவைக்கின்றன. பள்ளிக்கரணைக்கு நீர் தரும் ஏரிகள் அனைத்தும் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் காவல் 2007ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ஏரிப் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமே. அந்தச் சட்டம் ஏரியின் எல்லையைக் காக்கிறது. இரண்டு ஏரிகளை இணைக்கும் வரத்துக்கால்வாய் சுருங்கிச் சாக்கடையானபின் எல்லையைக் காத்து என்ன பயன்? செம்பாக்கம் ஏரியில் அண்மை ஆண்டுகளில் தூர் அகற்றிக் கரையைப் பலப்படுத்திக் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் செடிப்படுகைகளையும் சேர்த்து மேற்கொண்ட மீட்புப்பணி நல்ல தொடக்கம். அதன் பயன் முழுமையாவது தொடரின் மற்ற ஏரிகளும் அவ்வாறு சீர்படும்போதுதான்.

2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சர் பரப்பிற்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவிலும், அறிவியல் ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்கக்கூடாது என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திற்கு உத்தரவிட்டது. சதுப்பின் நலனைப் பாதிக்கக்கூடிய சுற்றுநிலத்தைக் குறிக்கும் தாக்கமண்டலம் அப்போது வரையறுக்கப்படாமல் இருந்ததே இத்தகைய தடைக்குக் காரணம். இடைக்கால ஏற்பாடாக இது தேவையானது, தாமதமானதும்கூட. நிலையான விதியாக ஒரு கிலோமீட்டர் என்ற ஒரே தொலைவு போதாது; நீர் தொலைவைப் பார்ப்பதில்லை, மட்டத்தைப் பார்க்கிறது. சதுப்பின் விளிம்பிலிருந்து 800 மீட்டரில், நெடுநாட்களுக்கு முன்பே வீடுகள் நெருங்கிவிட்ட மேட்டுத் தெருவில் இரண்டு சென்ட் மனையில் மாடி எடுக்க விரும்பும் குடும்பத்தைத் தடுப்பதால் ஒரு குடம் நீருக்கும் இடம் கிடைக்காது. நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் வரத்துக்கால்வாயின்மேல் எழும் பெரிய வளாகம் சதுப்பைப் பட்டினி போடவும் மூழ்கடிக்கவும் வல்லது. தாக்கமண்டலத்தை வரைவோர் அங்குலக் கணக்கில் நிலமட்டங்களை அளந்து, வெள்ளம் தங்கும் தாழ்நிலங்களையும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் தடங்களையும் கண்டிப்பான தடைக்குள் கொண்டுவந்து, எஞ்சிய இடங்களில் ஈடுகட்டும் கொள்ளளவோடு கட்ட அனுமதிப்பதே நீதியான பிரிப்பு.

இத்தகைய விதிகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று சொல்வோர் சிங்கப்பூரைப் பார்க்கலாம். நிலநெருக்கடி மிகுந்த அந்த நகரம், 2014 தொடங்கி 0.2 ஹெக்டேரோ, அதாவது ஏறத்தாழ அரை ஏக்கரோ, அதற்கு மேலோ பரப்புள்ள ஒவ்வொரு புதிய கட்டுமானமும் தன் மனையிலிருந்து வெளியேறும் உச்சப்பெருக்கை 25 முதல் 35 விழுக்காடுவரை குறைக்க வேண்டும் என்று விதித்துள்ளது. அதை நிலத்தடித் தொட்டியாலோ கூரைத் தோட்டத்தாலோ தாழ்பூங்காவாலோ செய்துகொள்வது கட்டுவோரின் விருப்பம். பிஷான் பகுதியில் 2.7 கிலோமீட்டர் நீளத்திற்கு நேர்க்கோடாக ஓடிய கல்லாங் ஆற்றின் சிமெண்டுக் கால்வாய் உடைக்கப்பட்டு, 2012இல் புல்வெளிக்குள் வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டது; மழை வலுக்கும்போது பூங்காவே ஆற்றின் அகலமாகிவிடுகிறது.

கொழும்பின் பாடம் இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அந்த நகரமும் சதுப்பை நிரப்பியே வளர்ந்தது. நிரப்பும் வேலைக்கென்றே 1968இல் அரசு அங்கு ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவியது. 2010 நவம்பர் வெள்ளத்தில் தியவன்னா ஓயா சூழ்ந்த நாடாளுமன்ற வளாகமே நீரில் நின்றது. அதன்பிறகு உலக வங்கியின் கடனுதவியோடு மேற்கொள்ளப்பட்ட பெருநகரத் திட்டத்தில், எஞ்சிய சதுப்புகளின் வெள்ளக் கொள்ளளவு அளக்கப்பட்டு அவை நகரின் வெள்ளத் தடுப்புக் கட்டமைப்பாகவே கணக்கில் கொள்ளப்பட்டன. நிரப்புவதற்காக உருவான அமைப்பே அவற்றைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றது. பெத்தகானை போன்ற சதுப்புப் பூங்காக்கள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. 2018இல் ராம்சர் உடன்படிக்கை கொழும்பை ஈரநில நகரமாக ஏற்றுக்கொண்டது. ஆக்கிரமிப்புகள் அங்கும் தொடர்கின்றன என்றாலும், ஒரு சதுப்பை நிரப்புவோர் நகரின் சொத்தை அழிக்கிறார் என்று கணக்கில் காட்ட அங்கு ஒரு வழி பிறந்துவிட்டது.

பள்ளிக்கரணையின் கணக்கில் இன்னொரு தரப்பு உண்டு, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும், செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும், பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் வாழும் மக்களில் பெரும்பாலோர், கூவம் முதலிய நீர்வழிகளின் கரைகளிலிருந்தும் நகரின் பிற இடங்களிலிருந்தும் அரசால் அகற்றப்பட்டு இங்கே குடியேற்றப்பட்டவர்கள். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லி அகற்றப்பட்டோர் பலர், அதே ஆபத்தைத் தாழ்நிலத்தில் மீண்டும் சந்திக்கின்றனர். அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருக்கும் அவர்களால் தம் மனையை மேடாக்க முடியாது. சுற்றிலும் புதிதாக உயரும் வளாகங்கள் நிரப்பும் மண் தள்ளிவிடும் நீர் முதலில் அவர்கள் வாசலுக்கே வரும். ஈடுகட்டும் கொள்ளளவிற்கான நிலத்தையும் செலவையும் பங்கிடும்போது, ஏற்கெனவே நிரப்பிப் பயன்பெற்ற பெரிய வளாகங்களிடமிருந்து கட்டணம் பெற்று, அதைக் கொண்டு பெரும்பாக்கம் ஏரி, ஒட்டியம்பாக்கம் பக்கத்து வாய்க்கால்கள், ஒக்கியம் மடுவு ஆகியவற்றின் அகலத்தை மீட்பதும், இந்தக் குடியிருப்புகளுக்குள் உள்ள திறந்தவெளிகளைத் தாழ்த்தி வெள்ளக்கிடங்காக மாற்றுவதும் முதல் பணிகளாக இருக்க வேண்டும். சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிவரும் இந்தக் காலத்தில், மனைப்பிரிவு வரைபடத்தின்மேல் நிலமட்ட வரைபடத்தை வைத்து, இவ்வளவு கனமீட்டர் நீருக்கு இந்த இந்த இடங்கள் என்று சர்வே எண் வாரியாகக் குறித்து அரசிதழில் வெளியிடுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஒவ்வொரு புதிய அனுமதியும் அந்தத் தொகையிலிருந்து எவ்வளவைக் கழிக்கிறது, எவ்வளவைத் திருப்பிச் சேர்க்கிறது என்பதை வீடு வாங்க வருபவர் விற்பனைப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளவும் முடியும்.